பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம்? மட்டு மதிப்பைப் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டு மதிப்புக் கணக்கில் |−7| என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் மைனஸ் குறியை அழித்துவிட்டு 7 என்று எழுதிவிடுவார்கள். விடை சரிதான். அடுத்த நாலைந்து கணக்குகளும் அப்படியே சரியாக வரும். அப்புறம் ஒரு கணக்கில் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்து வந்து உட்காரும்: |அ|. இங்கே அழிப்பதற்கு மைனஸே இல்லையே, அப்படியானால் விடை ‘அ’ தானே என்று எழுதினால் தப்பு. நானும் அப்படி எழுதி, சிவப்பு மையில் சுழி வாங்கியவன்தான். எந்த இடத்தில் தவறினேன் என்பது அன்றைக்குப் புரியவில்லை. ‘மைனஸை எடுத்துவிடு’ என்று மனத்தில் பதித்துக்கொண்ட சுருக்கு வழியே காரணம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஆகவே அந்தச் சுருக்கு வழியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எண்கோடு

ஒரு நேர்கோடு வரைந்து நடுவில் 0 என்று குறியுங்கள். வலப்பக்கம் சம இடைவெளியில் 1, 2, 3 என்றும், இடப்பக்கம் அதே இடைவெளியில் −1, −2, −3 என்றும் குறித்துக்கொண்டே போங்கள்.

−5 −4 −3 −2 −1 0 1 2 3 4 5

வலப்பக்கம் இருப்பவை மிகை எண்கள், இடப்பக்கம் இருப்பவை குறை எண்கள். நேர்மறை எண், எதிர்மறை எண் என்ற பெயர்களிலும் நீங்கள் படித்திருக்கலாம். பூச்சியம் இரண்டிலும் சேராது.

இந்தக் கோட்டில் ஒவ்வோர் எண்ணும் நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பூச்சியத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒன்று. அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இன்னொன்று. −4 என்றால் இடப்பக்கம், 4 அலகு தள்ளி. இதில் இரண்டாவது செய்தியை மட்டும் கேட்டு வாங்குவதுதான் மட்டு மதிப்பு.

இரண்டாம் படி: தூரத்தை எண்ணுங்கள்

பென்சில் முனையை 0-இல் வையுங்கள். −4 வரை எத்தனை தாவல்? நான்கு. 4 வரை எத்தனை தாவல்? அதுவும் நான்குதான். எனவே |−4| = 4, |4| = 4. பூச்சியத்திலிருந்து பூச்சியத்துக்குத் தாவவே வேண்டாம், எனவே |0| = 0.

தூரம் ஒருபோதும் குறை எண்ணாக வராது. இரண்டு ஊர்களுக்கு நடுவே மைனஸ் பத்து கிலோமீட்டர் என்று யாரும் சொல்வதில்லை, அல்லவா? மட்டு மதிப்பு எப்போதும் பூச்சியமாகவோ மிகை எண்ணாகவோ இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை. பின்னமோ தசமமோ வந்தாலும் இதே கதைதான்: |−2.75| = 2.75, |−1/3| = 1/3.

எண்ணின் இருபுறமும் நிற்கிற அந்தச் செங்குத்துக் கோடுகளை 1841-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் வையர்ஷ்ட்ராஸ் பயன்படுத்தினார். |−4| என்பதை ‘மைனஸ் நான்கின் மட்டு மதிப்பு’ என்று படிக்கலாம். ‘தனி மதிப்பு’ என்றும் சில புத்தகங்கள் எழுதும். எனக்கு ‘மட்டு’ தான் பிடிக்கும். தமிழில் மட்டு என்றால் அளவு. ‘மட்டற்ற மகிழ்ச்சி’ என்று அழைப்பிதழ்களில் போடுகிறோமே, அளவில்லாத மகிழ்ச்சி என்ற பொருளில், அதே மட்டுதான் இது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மாடுலஸ்’ என்ற சொல்லும் லத்தீனில் ‘சிறிய அளவு’ என்றே பொருள்படும். ஒரு சின்ன எச்சரிக்கை: கணினி நிரல் எழுதுபவர்கள் ‘மாடுலஸ்’ என்று சொன்னால், பல நேரம் வகுத்தலில் வரும் மீதியைக் குறிப்பிடுவார்கள். அது வேறு சமாச்சாரம்.

மூன்றாம் படி: பெரியது எது, தொலைவில் இருப்பது எது?

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒருமுறையாவது குழம்புவார்கள். −9, −4 இரண்டில் பெரிய எண் எது? எண்கோட்டில் வலப்பக்கமாக இருப்பதுதான் பெரியது, எனவே −4. ஆனால் மட்டு மதிப்பில் |−9| = 9, |−4| = 4. இங்கே −9 முந்திக்கொள்கிறது.

இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ‘எது பெரியது?’ என்பது இடத்தைப் பற்றிய கேள்வி. ‘எதன் மட்டு மதிப்பு பெரியது?’ என்பது தூரத்தைப் பற்றிய கேள்வி. மிகை எண்களில் இரண்டுக்கும் ஒரே விடை வந்துவிடுவதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. குறை எண்களுக்குள் வரிசை அப்படியே தலைகீழாகிவிடும்.

நான்காம் படி: கோடுகளுக்குள் இருப்பதை முதலில் முடியுங்கள்

மட்டுக்கோடுகள் அடைப்புக்குறி போலவும் வேலை செய்கின்றன. உள்ளே கணக்கு இருந்தால் அதை முடித்து ஒரே எண்ணாக்கிவிட்டுத்தான் மட்டு மதிப்பு எடுக்க வேண்டும்.

|3 − 8| = |−5| = 5

அவசரத்தில் இதை |3| − |8| என்று உடைத்தால் −5 வரும். தூரம் மைனஸில் வந்துவிட்டது என்றால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். பெருக்கலில் மட்டும் உடைக்கத் தடையில்லை: |−3 × 5| = |−3| × |5| = 15. வகுத்தலும் அப்படியே. கூட்டலிலும் கழித்தலிலும் உடைக்காதீர்கள்.

கோடுகளுக்கு வெளியே நிற்கும் மைனஸ் வேறு வகை. −|−6| என்றால் முதலில் உள்ளே பார்க்க வேண்டும்: |−6| = 6. வெளியே இருந்த மைனஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, எனவே விடை −6. கோடுகளுக்குள் இன்னொரு ஜோடிக் கோடுகள் வந்தால் உள்ளிருந்து வெளியே வாருங்கள்: |2 − |−5|| = |2 − 5| = |−3| = 3.

ஐந்தாம் படி: பூச்சியத்தை விட்டு வெளியே வாருங்கள்

இதுவரை எல்லாத் தூரத்தையும் பூச்சியத்திலிருந்தே அளந்தோம். எந்த இரண்டு எண்களுக்கு நடுவிலும் அளக்க முடியும் என்பதில்தான் மட்டு மதிப்பின் உண்மையான பலம் இருக்கிறது. அ, ஆ என்ற இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம் |அ − ஆ|. எதிலிருந்து எதைக் கழிப்பது என்று கவலைப்பட வேண்டாம். |2 − 9| எடுத்தாலும் 7, |9 − 2| எடுத்தாலும் 7.

வெப்பநிலையில் இதைப் பார்க்கலாம். பூமியின் தரைப்பகுதியில் அளக்கப்பட்ட மிகக் குறைந்த காற்று வெப்பநிலை −89.2 டிகிரி செல்சியஸ். 1983 ஜூலை 21 அன்று அண்டார்க்டிகாவின் வோஸ்டோக் ஆய்வு நிலையத்தில் பதிவானது. அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டுள்ள மிக உயர்ந்த அளவு 56.7 டிகிரி. 1913-இல் கலிபோர்னியாவின் டெத் வேலியில் பதிவானது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

|56.7 − (−89.2)| = |56.7 + 89.2| = 145.9 டிகிரி

இப்போது வேறு ஒரு கேள்வி. இரண்டில் பூச்சியத்திலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது எது? |−89.2| = 89.2, |56.7| = 56.7. குளிர்தான் ஜெயிக்கிறது. சரி, இதே இரண்டையும் பாரன்ஹீட்டுக்கு மாற்றிப் பார்ப்போம். வோஸ்டோக் சுமார் −128.6, டெத் வேலி சுமார் 134.1. இப்போது வெயில் ஜெயிக்கிறது!

இயற்கையில் எதுவும் மாறவில்லை. மாறியது பூச்சியம் இருக்கும் இடம். செல்சியஸில் 0 என்பது தண்ணீர் உறையும் புள்ளி, பாரன்ஹீட்டில் 0 அதைவிட 32 டிகிரி கீழே. ஓர் எண்ணின் மட்டு மதிப்பு என்பது, நாம் எங்கே பூச்சியத்தைக் குத்தி வைத்தோமோ அங்கிருந்து அளந்த தூரம். பூச்சியத்தை நகர்த்தினால் அதுவும் மாறும். ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் பூச்சியம் எங்கே இருந்தாலும் அசையாது (டிகிரியின் அளவு மாறுவதால் பாரன்ஹீட்டில் வேறு எண் வரும், அவ்வளவுதான்). என்னைக் கேட்டால், பாடப்புத்தகங்கள் |அ − ஆ|-வை முதலில் சொல்லிவிட்டு, |அ| என்பது அதில் ஆ = 0 ஆன ஒரு தனி நிலை என்று பிறகு சொல்லியிருக்கலாம்.

ஆறாம் படி: எழுத்து வந்தால்

இப்போது அந்தச் சிவப்புச் சுழிக்கு வருவோம். புத்தகத்தில் வரையறை இப்படி இருக்கும்:

அ ≥ 0 எனில், |அ| = அ
அ < 0 எனில், |அ| = −அ

இரண்டாவது வரியைப் பார்த்ததும் ‘மட்டு மதிப்பு மைனஸில் வராது என்றுதானே சொன்னீர்கள், இங்கே −அ என்று இருக்கிறதே?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. விடை என்னவென்றால், −அ என்பது குறை எண் என்று நாமாக முடிவு கட்டிக்கொண்டுவிட்டோம். முன்னால் மைனஸ் இருப்பதாலேயே அது குறை எண் ஆகிவிடாது. ‘அ-வின் எதிர்ப்பக்கம்’ என்றுதான் அதற்குப் பொருள். பூச்சியத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 6-ஐக் காட்டினால் −6 தெரியும், −6-ஐக் காட்டினால் 6 தெரியும். அ = −6 என்றால் −அ = −(−6) = 6. மிகை எண்தான்.

ஆக, இரண்டாவது வரி சொல்வது இதுதான்: எண் ஏற்கெனவே இடப்பக்கம் இருந்தால், கண்ணாடியில் காட்டி வலப்பக்கத்துக்குக் கொண்டுவா. ‘மைனஸை அழி’ என்ற சுருக்கு வழி ஏன் உடைகிறது என்பதும் இங்கே தெரிகிறது. எழுத்தின் முன்னால் மைனஸ் எழுதப்படாமலேயே அது குறை எண்ணாக இருக்கலாம். மைனஸ் எழுதப்பட்டிருந்தும் மிகை எண்ணாக இருக்கலாம். குறி நம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதல்ல, எண் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி.

|√2 − 2| என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எந்த மைனஸை அழிப்பீர்கள்? நடுவில் இருப்பதை அழித்தால் √2 + 2 என்று தப்பாக வரும். √2 சுமார் 1.41 என்பதால் √2 − 2 ஒரு குறை எண். எனவே அதன் எதிர்ப்பக்கத்தை எடுக்க வேண்டும்: 2 − √2, அதாவது சுமார் 0.59.

வர்க்கமூலத்திலும் இந்தப் பொறி இருக்கிறது. √(அ²) = அ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் ஏராளம். அ = −3 என்று போட்டுப் பாருங்கள். வர்க்கம் 9, அதன் மூலம் 3. கிடைத்தது −3 அல்ல. சரியாக எழுதினால் √(அ²) = |அ|.

ஏழாம் படி: சமன்பாடுகள்

|அ − 3| = 5 என்று கொடுத்து அ-வைக் கேட்டால், அதை இப்படிப் படியுங்கள்: ‘3-இலிருந்து 5 அலகு தூரத்தில் உள்ள எண்கள் எவை?’ வலப்பக்கம் போனால் 8, இடப்பக்கம் போனால் −2. இரண்டும் தீர்வுகள். |அ + 4| = 9 என்று கூட்டல் குறி வந்தால் |அ − (−4)| என்று மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது −4-இலிருந்து 9 அலகு: 5, −13.

இப்படி வாசிக்கப் பழகிவிட்டால் சில கணக்குகளைப் பேனாவே எடுக்காமல் போடலாம். |அ − 2| = |அ − 6| என்றால் 2-இலிருந்தும் 6-இலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் எண் எது என்று பொருள். நட்டநடுவில் 4. முடிந்தது.

|2அ + 1| = 7 போன்றவற்றுக்கு இரண்டு பாதையாகப் பிரிப்பது எளிது. 2அ + 1 = 7 எனில் அ = 3. 2அ + 1 = −7 எனில் அ = −4. |அ| = −4 என்று வந்தால் நேரம் செலவழிக்க வேண்டாம், அதற்குத் தீர்வே கிடையாது.

மட்டுக்கு வெளியேயும் எழுத்து இருந்தால் கூடுதல் கவனம் தேவை. |2அ + 1| = அ − 4 என்பதை இரண்டு பாதையாகப் பிரித்தால் அ = −5, அ = 1 என்று இரண்டு விடைகள் வரும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் முதலாவதைப் போட்டால் வலப்பக்கம் −9, இரண்டாவதைப் போட்டால் −3. தூரம் குறை எண்ணாக முடியாது என்பதால் இரண்டுமே தள்ளுபடி. மட்டுச் சமன்பாட்டில் விடையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சமனிலிகளுக்கும் அதே வாசிப்புதான். |அ| < 3 என்றால் பூச்சியத்திலிருந்து 3-க்கும் குறைவான தூரம்: −3 < அ < 3. |அ| > 3 என்றால் வெளிப்பக்கம்: அ < −3 அல்லது அ > 3. இந்த ‘அல்லது’ முக்கியம். −3 > அ > 3 என்று ஒரே வரியில் சேர்த்து எழுதினால், −3 என்பது 3-ஐவிடப் பெரியது என்று சொன்னதாகிவிடும். இயந்திரப் பட்டறைகளில் இது நாள்தோறும் புழங்குகிறது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டில் 0.05 வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்றால், |அ − 20| ≤ 0.05. அளந்தபோது 20.04 இருந்தால் தேறும், 19.94 இருந்தால் தேறாது.

இதெல்லாம் எங்கே உதவும்?

குறியுள்ள எண்களைக் கூட்டும்போது, தெரிந்தோ தெரியாமலோ, நாம் மட்டு மதிப்பைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரே குறி என்றால் மட்டு மதிப்புகளைக் கூட்டி அந்தக் குறியைப் போடுகிறோம். வெவ்வேறு குறி என்றால் பெரிய மட்டு மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதன் குறியைப் போடுகிறோம். −13 + 8 என்றால் 13 − 8 = 5, பெரியது −13, ஆகவே −5. மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கொண்டு, இந்தியக் கணிதவியலாளர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே இந்த விதியைச் சொல்லிவிட்டார்: செல்வமும் கடனும் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசம், இரண்டும் சமமானால் பூச்சியம்.

இன்னொன்று, பிழைகளை அளப்பது. ஒருவர் நான்கு முறை கணித்துச் சொல்கிறார். பிழைகள் முறையே +4, −3, +2, −3. அப்படியே கூட்டினால் 0. ஆகா, பிழையே இல்லையே என்று பாராட்ட முடியுமா? மட்டு மதிப்பு எடுத்துக் கூட்டினால் 12, சராசரியாக ஒரு கணிப்புக்கு 3 பிழை. மிகையும் குறையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காப்பதற்காகத்தான் புள்ளியியலில் மட்டு மதிப்பையோ வர்க்கத்தையோ எடுக்கிறார்கள். |அ + ஆ| எப்போதும் |அ| + |ஆ|-வைத் தாண்டாது என்ற முக்கோணச் சமனிலியும் இதைத்தான் சொல்கிறது.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் ‘ஏபிஎஸ்’ என்ற சூத்திரம் மட்டு மதிப்பைத் தரும். நிரல்மொழிகளிலும் பெரும்பாலும் இதே பெயர்தான். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. 32 பிட் முழு எண்ணில் −2147483648 முதல் 2147483647 வரைதான் இடம். அந்தக் கடைசிக் குறை எண்ணின் எதிர்ப்பக்கம் 2147483648, அதற்கு இடமில்லை. அதனால் ஜாவா என்ற நிரல்மொழியில் அந்த எண்ணின் மட்டு மதிப்பைக் கேட்டால் அதே குறை எண்ணைத் திருப்பித் தந்துவிடும். மட்டு மதிப்பு மைனஸில் வந்துவிடுகிறது! தப்பு கணிதத்துடையது அல்ல, பெட்டி சின்னது.

போட்டுப் பாருங்கள்

விடைகள் கீழே இருக்கின்றன. முதலில் மூடி வைத்துக்கொண்டு முயலுங்கள்.

1. |−12| + |5|
2. −|−3| × |2 − 6|
3. −20, 15, −3, 8 ஆகியவற்றை மதிப்பின் ஏறுவரிசையில் ஒருமுறையும், மட்டு மதிப்பின் ஏறுவரிசையில் ஒருமுறையும் எழுதுக.
4. |அ − 1| + 6 = 2
5. |அ + 2| < 5
6. |அ| = |ஆ| எனில் அ-வுக்கும் ஆ-வுக்கும் என்ன தொடர்பு?

விடைகள்: 1) 17. 2) −12, வெளியே நின்ற மைனஸ் கடைசிவரை கூடவே வந்திருக்க வேண்டும். 3) மதிப்பில் −20, −3, 8, 15, மட்டு மதிப்பில் −3, 8, 15, −20. 4) தீர்வு இல்லை; 6-ஐ மறுபக்கம் கொண்டுபோனால் |அ − 1| = −4. 5) −7 < அ < 3, −2-இலிருந்து இருபக்கமும் 5 அலகுக்குள் இருப்பவை. 6) அ = ஆ அல்லது அ = −ஆ. ஆறாவதில் ‘அ = ஆ’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆறாம் படியை, அந்தக் கண்ணாடி வரும் இடத்தை, இன்னொரு முறை படியுங்கள்.